ஒரே தொட்டியில் இரண்டு பச்சோந்திகள்

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மட்டுமே இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துச் சகோதரி ஒருவர் எழுதியது அது. அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். தோட்டத்து வேலியிலிருந்து இரண்டு பச்சோந்திகளைப் பிடித்து வந்து, வீட்டில் சும்மா கிடந்த பழைய மீன்தொட்டியில் விட்டு, மேலே கொசுவலையைக் கட்டி வளர்த்து வந்திருக்கிறான். வெளிநாட்டார் சிலர் விரல் நீளமே உள்ள குட்டைப் பச்சோந்திகளை நான்கைந்தாக ஒரே கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பதைக் கைபேசியில் பார்த்தானாம். அதிலிருந்து பிறந்த ஆசை.

சகோதரி மேலும் எழுதுகிறார்: "அஜரத், பத்து நாளாக வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிறான். ஒன்று நன்றாகத் தின்கிறது. மற்றொன்று கருத்துப்போய், பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. இரண்டும் ஒருநாள்கூடச் சண்டை போடவில்லை. ஒரே குச்சியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பிறகு ஏன் ஒன்று மட்டும் மெலிகிறது? இதை வளர்ப்பது குற்றமாகுமா?"

உயிருள்ள ஒரு பிராணியை இதழ் வெளிவரும் வரையில் காக்க வைக்கலாகாது என்பதால், செய்ய வேண்டியதைச் சுருக்கமாக அன்றே அவருக்கு எழுதிவிட்டேன். ஆனால் அவர் கேட்டிருக்கும் 'ஏன்' என்ற கேள்வி சுருக்கமான பதிலுக்கு அடங்குவதன்று. நம் வீடுகளில் இதே ஆசை கொண்ட பிள்ளைகள் வேறு பலரும் இருப்பார்கள். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டும். ஓணானையோ பச்சோந்தியையோ கண்டால் கல்லை எடுப்பதுதான் நம் ஊர்ச் சிறுவர்களின் வழக்கம். அடித்தால் நன்மை உண்டென்று சொல்லிக்கொண்டே அடிப்பவர்களும் உண்டு. ஹதீஸில் வரும் 'வஸக்' என்பது வீட்டுச் சுவரில் ஊரும் பல்லி வகையைக் குறிக்கும் சொல். பச்சோந்திக்கு அரபியில் 'ஹிர்பா' என்று தனிப்பெயரே இருக்கிறது. ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி, பிராணிகளைப் பற்றிய தம் பெருநூலில் இவ்விரண்டையும் வெவ்வேறு தலைப்புகளில் வைத்தே எழுதினார். வேலியில் தன்பாட்டில் இருக்கும் ஹிர்பாவின் மீது வஸக்கின் பழியைச் சுமத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. அதற்கு நஞ்சும் இல்லை. பிடித்தால் சீறும், வாயைத் திறந்து பயமுறுத்தும், மிஞ்சிப் போனால் கடிக்கும். அவ்வளவுதான்.

பழைய அரபிகள் இந்தப் பிராணியை உற்றுப் பார்த்தவர்கள். ஒரு கிளையை உறுதியாகப் பற்றிக்கொள்ளாமல் முந்தைய கிளையை விடாது என்பதைக் கண்டு, 'ஹிர்பாவைவிட முன்னெச்சரிக்கை உள்ளவன்' என்று ஒரு சொல்வழக்கையே உண்டாக்கினார்கள். கதிரவன் போகும் பக்கமெல்லாம் உடலைத் திருப்பிக்கொண்டிருப்பதையும் அவர்கள் கவனித்தார்கள். காலைக் குளிரில் விலாப்புறத்தை வெயிலுக்குக் காட்டித் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது என்று இன்று அதற்குக் காரணம் சொல்கிறோம். தமிழில் நாமோ, கொள்கையை மாற்றுகிறவனுக்குப் பட்டப்பெயராக மட்டுமே இதை வைத்திருக்கிறோம்! இடத்துக்குத் தக்கபடி நிறம் மாற்றி ஏமாற்றும் பிராணி என்பது நம் எண்ணம். சகோதரியின் கேள்விக்கு விடை தேட இந்த எண்ணத்தைத்தான் முதலில் களைய வேண்டியிருக்கிறது.

பச்சோந்தி எந்தத் துணியின் மேல் வைத்தாலும் அந்தத் துணியின் நிறத்தை அடையும் என்பது கட்டுக்கதை. அதன் இயல்பான பச்சையும் பழுப்பும் இலைகளுக்கிடையே அதை மறைக்கின்றன என்பது உண்மை. வெப்பத்திற்கும் ஒளிக்கும் ஏற்ப அது வெளிறுவதும் கருப்பதும் உண்மை. ஆனால் கண் முன்னே விரைந்து நிகழும் அந்த நிறமாற்றம் பெரும்பாலும் இன்னொரு பச்சோந்திக்காகவே நிகழ்வது. தென்னாப்பிரிக்காவின் குள்ளப் பச்சோந்தி இனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அத்னான் மூசல்லி என்னும் இருவர் 2008இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மிகுதியாக நிறம் மாற்ற வல்ல இனங்கள், பலவகைப் பின்னணிகளில் மறைய வேண்டிய இனங்கள் அல்ல. தம் இனத்தாருக்குக் கண்ணைப் பறிக்கும் அடையாளம் காட்டுகின்ற இனங்களே என்பது அம்முடிவு. மறைந்துகொள்வதற்கு நேர்மாறான வேலை!

இது எப்படி நடக்கிறது என்பதை 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியிடம் கண்டார்கள். தோலின் மேலடுக்கில் உள்ள சில உயிரணுக்களில் குவானின் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலிலுள்ள மஞ்சள் நிறமியுடன் அந்நீலம் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. எதிரியையோ துணையையோ கண்டு கிளர்ந்தால் படிகங்களின் இடைவெளி விரிகிறது. பச்சை போய் மஞ்சளும் சிவப்பும் எழுகின்றன. சாயம் பூசாமல், படிகங்களின் இடைவெளியை மட்டும் மாற்றி இத்தனை நிறம்! இதை வாசித்த அன்று மாலைப் பாடத்தில் வழக்கமான பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

குரல் என்று சொல்லத்தக்கது பச்சோந்திக்கு இல்லை. வெளிக்காதும் இல்லை. தனித்தனியே சுழலும் இரண்டு கண்களும், நிறமும், உடலை இலைபோல் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டுவதும், மெல்ல ஆடுவதுமே அதன் பேச்சு. அந்தப் பேச்சில் என்ன பேசப்படுகிறது என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் லிகன், கெவின் மெக்ரா என்போர் ஏமன் நாட்டின் முக்காட்டுப் பச்சோந்தி ஆண்களை எதிரெதிரே விட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு இது: விலாப்பட்டைகள் எவ்வளவு பளிச்சிடுகின்றனவோ அவ்வளவுக்கு அது எதிரியை நெருங்கும். தலை எவ்வளவு பிரகாசமாக, எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவுக்கு அது வெல்லும். கைகலப்பிற்கு முன்பே பாதிப் போர் முடிந்துவிடுகிறது. மறு ஆண்டு லிகன் வெளியிட்டது இன்னும் முக்கியமானது. தோற்கின்ற பச்சோந்தி கருத்துப்போகிறது. 'நான் விலகிவிட்டேன், என்னை விட்டுவிடு' என்று வெற்றி பெற்றவனுக்குச் சொல்லும் சமாதானக் கொடி அந்தக் கருமை. அதைக் கண்டதும் எதிரியின் சீற்றம் தணிகிறது.

சகோதரியின் கடிதத்தில் உள்ள 'கருத்துப்போய்' என்ற சொல்லை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

சண்டையே நடக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். நடந்து முடிந்துவிட்டது என்பதே என் கருத்து. முதல் நாளிலேயே, எவர் கண்ணிலும் படாமல், ஓசையின்றி முடிந்திருக்கும். வேலியில் நடந்திருந்தால் தோற்றது கருத்துக்காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்; பத்து அடி போனால் போதும், பகை தீர்ந்தது. மீன்தொட்டியில் போக இடமில்லை. 'விலகிவிட்டேன்' என்று நிறத்தால் சொல்கிறது, ஆனால் உடலால் விலக முடியவில்லை. வென்றதன் கண் பகல் முழுவதும் அதன் மேலேயே இருக்கிறது. எனவே அது அசையாமல், இரைக்கு நாக்கை நீட்டாமல், கண்ணை மூடிக் கிடக்கிறது. நலமாக இருக்கும் பச்சோந்தி பகலில் கண்ணை மூடாது. இரண்டும் ஒரே குச்சியில் இருப்பதும் நட்பால் அன்று. தொட்டிக்குள் வெயில் விழுகின்ற நல்ல குச்சி ஒன்றுதான் இருந்திருக்கும். இதற்கு மேல் கண்ணாடி வேறு! சுவரில் தெரியும் தன் உருவத்தையே அது புதிய எதிரியென்று கொள்ளும். இரண்டு பிராணிகள் என்று நாம் எண்ணினோம். அவை கண்டது எத்தனையோ!

இன்னொரு சாத்தியத்தையும் சொல்ல வேண்டும். மெலிந்தது பெண்ணாக இருந்தால், வயிற்றில் முட்டைகள் இருக்கக்கூடும். நம் நாட்டுப் பச்சோந்தி தரையில் இறங்கி, மண்ணைத் தோண்டி, ஒரே ஈட்டில் பத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும். மண் இல்லாத தொட்டியில் இட இடமின்றி முட்டைகள் உள்ளேயே தங்கி அதன் உயிரையே வாங்கிவிடும். தண்ணீரும் அப்படித்தான். கிண்ணத்தில் வைத்த நீரை அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. இலைமேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும் பழக்கமுடையது. வெட்டுக்கிளி போட்டதோடு கடமை முடிந்துவிட்டது என்று அந்தப் பிள்ளை எண்ணியிருப்பான். அவன் மேல் குறை சொல்வதற்கில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்படியானால் கைபேசியில் பார்த்தது பொய்யா?" என்று அவன் கேட்கக்கூடும். பொய்யன்று. அவை வேறு இனங்கள். அங்கும் கதையின் பாதிதான் படத்தில் தெரிகிறது.

அவன் பார்த்தது பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாடிக் குட்டைப் பச்சோந்தியாக இருக்கலாம். தான்சானியா நாட்டு மலைக்காடுகளின் தரையோரத்தில், உதிர்ந்த சருகுகளுக்கிடையே வாழ்வது. முழு நீளமும் நம் சுண்டுவிரலைச் சற்றே தாண்டும். உதிர்ந்த இலையே நடந்து போவதுபோல் இருக்கும். கையில் எடுத்தால் உடல் முழுவதும் நுண்ணியதாக அதிரும். இரவில் தாழ்ந்த குச்சிகளில் ஏறி உறங்கும். மடகாஸ்கரின் புரூக்கீசியா என்னும் கூட்டத்தில் இதைவிடச் சிறியனவும் உண்டு. 2021இல் விவரிக்கப்பட்ட ஓரினத்தின் ஆணுக்கு வாலை நீக்கினால் உடல் நீளம் பதின்மூன்றரை மில்லிமீட்டர்தான்; ஒரு பேரீச்சங்கொட்டையைவிடச் சிறியது! படைத்தவன் இவ்வளவு சின்ன உடலுக்குள் அத்தனை உறுப்புகளையும் வைத்திருக்கிறான்.

இச்சிறு பச்சோந்திகள் பெரியனவற்றைவிட ஒன்றையொன்று பொறுத்துக்கொள்கின்றன என்பது வளர்ப்போர் அனுபவம். ஆனால் அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. அனுபவமுள்ளவர்கள் இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விடுவதில்லை. ஓர் ஆணோடு ஒரே பெண்ணை விட்டால் அது ஓயாமல் துரத்தித் தொல்லை செய்யும் என்று இரண்டு மூன்று பெண்களை விடுகிறார்கள். புரூக்கீசியா ஆண் பெண்ணின் முதுகில் ஏறிக்கொண்டு நெடுநேரம் இறங்காமலே திரிவதைக் காட்டிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். விருப்பமில்லாத பெண் கருத்து, வாய் திறந்து, உடலை ஆட்டி மறுக்கும்; மறுத்தபின் ஒளிந்துகொள்ளச் சருகும் செடியும் பெட்டிக்குள் அடர்ந்திருக்க வேண்டும். ஒன்று நின்ற இடத்திலிருந்து மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி மறைவுகள் வேண்டும். உணவு வேளையில் ஒவ்வொன்றும் தின்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் அடங்கிப்போனது பட்டினி கிடப்பது வெளியே தெரியாது. ஒருநாள் காலையில் இறந்து கிடக்கும்போதுதான் தெரியும். அரை நிமிடப் படத்தில் இந்தக் காலைகள் வருவதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதை மறைத்தல் நேர்மையாகாது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சிஸ்ஸி பேலன் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் முக்காட்டுப் பச்சோந்திக் குஞ்சுகளைச் சிலவற்றைத் தனியாகவும் சிலவற்றைக் கூட்டமாகவும் வளர்த்து ஒப்பிட்டார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், தனியே வளர்ந்த குஞ்சுகள் பிறகு தம்மினத்தைக் கண்டபோது கருத்து ஒடுங்கின. இரை பிடிப்பதிலும் பின்தங்கின. தனிமை விரும்பி என்று நாம் முத்திரை குத்திய பிராணிக்கும் இளமையில் உடன்பிறந்தாரின் உறவு ஏதோ கற்றுத் தருகிறது! 'ஊர்வனவற்றுக்கு உணர்வு ஏது' என்று எழுதியவர்கள் இதை வாசிக்க வேண்டும். ஆயினும் இதைக்கொண்டு வளர்ந்த இரண்டை ஒரு தொட்டியில் அடைக்கலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குஞ்சுகளின் கூட்டம் வேறு, எல்லை வகுத்துக்கொண்ட பெரியவற்றின் சந்திப்பு வேறு.

குற்றமாகுமா என்று கேட்டாரே, அதற்கு வருவோம். நாட்டுச் சட்டப்படி ஆகும். இந்தியாவில் இயற்கையாக உள்ள பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் கூடாது. ஆப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்தி வகைகளின் வணிகமும் 2016இல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நம் சட்டத்திற்கு 2022இல் வந்த திருத்தமும், 2024இல் வந்த விதிகளும் அத்தகைய வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. விமானப் பயணிகளின் பெட்டிகளில் காலுறைக்குள் சுருட்டி அடைத்த வெளிநாட்டு ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் கைப்பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. வளைகுடாவிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் வரும் நம் வீட்டு இளைஞர்களிடம் யாராவது 'இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடு' என்று சொன்னால், என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மார்க்கத்தின் பார்வையில், பிராணி வளர்ப்பதே கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு குருவியை வைத்து விளையாடினார். அது இறந்து அவர் வருந்தியிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அன்போடு அதைப்பற்றி விசாரித்தார்கள். இதைக்கொண்டு வளர்ப்பது ஆகும் என்று உலமாக்கள் கூறியிருக்கிறார்கள். பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் செய்தியும் நமக்குத் தெரிந்ததே. அவள் உணவு தரவில்லை என்பதோடு, தானே இரை தேடிக்கொள்ள விடவுமில்லை என்ற பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். உணவு போட்டும் உண்ண முடியாத இடத்தில் ஒன்றை வைப்பது எதில் சேரும் என்பதைப் பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசலாம். அதட்ட வேண்டியதில்லை.

சகோதரிக்கு நான் எழுதியது இதுதான். இன்றே இரண்டையும் வெவ்வேறு பைகளில், இலைக்கொத்தோடு எடுத்துப் போங்கள். காலை வெயில் ஏறுமுன், பிடித்த அதே வேலியில், ஒன்றுக்கொன்று பார்வை எட்டாத இரண்டு இடங்களில் ஏற விடுங்கள். விடுமுன் இலைகளில் நீரைத் தெளித்தால் மெலிந்தது குடிக்கும். ஏறவும் வலுவில்லாமல் இருந்தால், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து உள்ளதைச் சொல்லுங்கள். திராட்சைப் பந்தலுக்கு மருந்து அடிக்கும் நாளாக இருந்தால் அன்று மட்டும் அந்தப் பக்கம் விட வேண்டாம்; மருந்துண்ட பூச்சியைத் தின்றால் அதுவும் போகும்.

பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பச்சோந்தியின் சமூக வாழ்வைப் பார்ப்பதற்குத் தொட்டியைவிட வேலியே தகுந்த இடம். பகலில் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் இரவில் அத்தாவோடு கைவிளக்கை எடுத்துக்கொண்டு போனால் எளிது. உறங்கும் பச்சோந்தி வெளிறிப்போய், வெளிச்சம் பட்டதும் இலைகளுக்கிடையே வெள்ளையாகத் தெரியும். தொடாமல், எந்தக் கிளை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடுத்தது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். ஒரு மாதம் எழுதினால், யாருக்கு எது எல்லை என்பது தாளிலேயே தெரிய வரும்.

அதற்கும் பொறுமை இல்லாவிட்டால், தேவாரம், கோம்பை, போடி அடிவாரங்களில் உள்ள பாறைகளுக்குப் போகட்டும். பாறை ஓணான் பச்சோந்தியைப்போல் கூச்சம் உடையதன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அனுராதா பட்டாப்யால், மரியா தாக்கர் இருவரும் 2017இல் இதன் ஆண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெண்ணைக் காணும்போது முதுகு சிவந்து விலா கருக்கிறது. இன்னோர் ஆணைக் காணும்போது முதுகு மஞ்சளாகவும் விலா ஆரஞ்சாகவும் மாறுகிறது. துணைக்கு ஒரு மொழி, பகைக்கு ஒரு மொழி. பகை மொழி விரைவானது. வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், இருபது அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு. நம் தோட்டத்து ஓணானின் கழுத்து சிவப்பதும் இதே வகைதான். இரத்தம் உறிஞ்சியதால் சிவந்தது என்று நம் நன்னிமார் சொன்னதை அவன் அந்த நோட்டிலேயே திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

போகும் வழியில் தார்ச்சாலையைக் கடந்துகொண்டிருக்கும் பச்சோந்தி ஒன்றைக் கண்டால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டினால் போதும். தானே பற்றி ஏறிக்கொள்ளும். புறப்பட்ட பக்கத்தில் திருப்பி விடாமல், அது போய்க்கொண்டிருந்த பக்கத்துச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.